நல்ல கம்பெனிதான், என்ன விலைக்கு?



மருங்காபுரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வீட்டுக்காரருடைய ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து, பெல் மாதிரி பெரிய கம்பெனி ஷேரில் போடலாம் என்கிறான் மகன். லாபத்தில் ஓடுகிற கம்பெனி என்றால் பயமில்லைதானே?”

மின் நிலையங்களுக்கு பாய்லர், டர்பைன் செய்யும் பெல்லை (BHEL) பற்றி நம் திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத குடும்பம் குறைவு. அதனால் பெல்லை வைத்தே பதில் சொல்கிறேன்.

2007 கடைசியில் பெல் பங்கு 2,500 ரூபாயைத் தாண்டி விற்றது. நாடெங்கும் மின் நிலையங்கள், கைநிறைய ஆர்டர். அந்த நிதியாண்டின் (2007-08) லாபம் 2,859 கோடி. 2011-12-ல் அதுவே 7,040 கோடி! பங்கும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

2011-ல் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பழைய 2,500 என்பது 500. ஆனால் 2012 மார்ச்சில் விலை 260 ரூபாய்க்குப் பக்கம்தான். கம்பெனி நன்றாகச் சம்பாதித்தும், 2007-ல் வாங்கியவர் பணத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

ஏன்? ஒரு பங்குக்கு வந்த வருட லாபத்தைப்போல 40 மடங்குக்கு மேல் அவர் விலை கொடுத்திருந்தார். பி.இ. என்கிறார்களே, அது இதுதான். வருடம் 1 லட்சம் வாடகை வரும் வீட்டை 40 லட்சத்துக்கு வாங்கினால் கைக்கு வருவது இரண்டரை சதவீதம். அன்றைக்கு பேங்க் டெபாசிட்டே 8 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. வாடகை ஏறும் என்ற நம்பிக்கைக்குத்தான் மீதி விலை. பெல்லின் லாபமும் அப்படித்தான் ஏறவும் செய்தது. அந்த ஏற்றத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கொடுத்தாகிவிட்டதே!

சரி, 2012-ல் பி.இ. வெறும் 9. சல்லிசு என்று அப்போது வாங்கியவர் தப்பித்தாரா? அதுவும் இல்லை. நிலக்கரித் தட்டுப்பாடு, நிலம் கிடைக்காத சிக்கல், சீன இயந்திரங்களின் போட்டி என்று மின் திட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2014-15-ல் லாபம் 1,419 கோடி. அடுத்த வருடம் நஷ்டம். பெல் ஆர்டரை நம்பியிருந்த துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை குறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு பேலன்ஸ் ஷீட் தேவைப்பட்டிருக்காது. (டிவியில் ‘வாங்கலாமா, விற்கலாமா’ சொல்பவர்கள் துவாக்குடி பக்கம் வருவதில்லை.)

பாய்லர், டர்பைன் போன்ற தொழில்களில் லாபம் சோப்பு, பற்பசை கம்பெனிகள் மாதிரி சீராக வராது. நல்ல வருடத்து லாபத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விலை இருப்பதைவிட மலிவாகத் தெரியும்.

எனவே அம்மா, மகனிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஒரு பங்குக்கான லாபத்தைக் கடந்த பத்து வருடங்களுக்கு எழுதச் சொல்லுங்கள்; நஷ்ட வருடங்களையும் விடக்கூடாது. சராசரி எடுத்து, இன்றைய விலையை அதனால் வகுக்கட்டும். விற்ற சரக்குக்குப் பணம் வசூலாகிறதா என்பதையும் பார்க்கட்டும். மடங்கு 20, 30 என்று போனால், அவ்வளவு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவனால் சொல்ல முடியவில்லையா? பணம் இப்போதைக்கு போஸ்ட் ஆபீஸிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்