பபூனுக்குப் பந்தலும் பரிகாசக்காரனுக்குச் சிறையும்

நம் ஜில்லாப் பிள்ளைகள் சிலர் திருச்சிக்கும் சென்னைக்கும் போய், நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி, "ஸ்டாண்ட்-அப் காமெடி" என்கிற ஒரு வேடிக்கையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் வேஷமில்லை, திரையில்லை, பக்கவாத்தியமில்லை. ஒருவன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பேசுவான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான். இதைக் கேள்விப்பட்ட ஊர்ப் பெரியவர்களில் சிலர், "காசு கொடுத்து ஆபாசம் கேட்கப் போகிறான்கள், சாமியையும் பெரிய மனிதர்களையும் கேலி பண்ணுகிற இடத்துக்குப் போகிறான்கள், காலம் கெட்டுப்போயிற்று" என்று திண்ணையில் உட்கார்ந்து அங்கலாய்க்கிறார்கள். இந்தக் கனவான்களை நாம் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கின்றது.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்களுக்கு ஒருவன் தனியே நின்று பேசிச் சிரிக்க வைப்பது புதுமையா? மாசி தொடங்கிக் கோடை முடிய, மாரியம்மன் கோயில் பொட்டல்களிலெல்லாம் ஸ்பெஷல் நாடகம் நடக்கின்றதே, அங்கே நடப்பது என்ன? சங்கரதாஸ் சுவாமிகள் செத்து நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, 1922-ல் செத்தார். அவருடைய வள்ளி திருமணம் இன்னும் விடிய விடிய நடந்துகொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் கொட்டகையில் விளக்கெரிந்ததும், வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்னால் மேடைக்கு வருகிறவர் யார்? பபூன்! அவர் மிருதங்கக்காரரிடம் பேசுகிற சாக்கில் ஊரைப் பார்த்துப் பேசுகிறார். மாமியார் கதை, மச்சினி கதை, குடிகாரன் கதை, கறுத்த பெண்ணின் கதை எல்லாம் வரும். பிறகு டான்ஸ்காரப் பெண் வருவாள். இருவரும் தற்செயலாக மோதிக்கொள்வதும், அதை வைத்து இரட்டை அர்த்தத்தில் சண்டை போடுவதும், பாட்டுப் பாடுவதும் நடக்கும். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்கிற இதே பெரியவர்கள்தானே? இதற்குப் பணம் வந்தது தலைக்கட்டு வரியிலிருந்துதானே? நோட்டீசில் போட்டிருப்பது அம்மன் பெயர்தானே? அம்மனுக்கு நடக்கிற ஆபாசம் புண்ணியம், சீட்டு வாங்கிப் பார்க்கிற ஆபாசம் பாவம் என்பது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது என்று தெரியவில்லை.

நிற்க. பபூன் வேஷம் போடுகிற தோழர்களைக் குறைசொல்வது நம்முடைய நோக்கமல்ல. விழாக் காலத்தில் சம்பாதித்ததை வைத்து மழைக்காலத்தை ஓட்டுகிற ஏழைத் தொழிலாளிகள் அவர்கள். ஊர் எதற்குச் சிரிக்குமோ அதைச் சொல்லுகிறார்கள். சூசன் சைசர் என்கிற அமெரிக்க அம்மையார் நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு பழகி, அவர்கள் பட்ட அவமானங்களை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதி 2005-ல் வெளியிட்டார். இரவு மேடையில் கைதட்டிய ஊரே, காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நடிகையைக் கேவலமாகப் பேசுகின்றது. ஆதலால் வெட்கப்பட வேண்டியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள்.

விஷயம் ஆபாசமே இல்லை. கேலி எந்தப் பக்கம் போகின்றது என்பதுதான் விஷயம். அது பெண்டாட்டியின் மேலும், கறுப்பின் மேலும், திக்குவாயின் மேலும், எந்தத் தெருவிடம் திருவிழா வரி வாங்குவதில்லையோ அந்தத் தெருவின் மேலும் விழுகிற வரையில் அதற்குப் பெயர் "ஹாஸ்யம்". அதே கேலி கோயிலையோ, சாதிப் பெருமையையோ, நாற்காலியில் இருப்பவரையோ தொட்டுவிட்டால், அந்த நிமிஷமே "மனம் புண்பட்டுவிட்டது" என்று கூச்சல் கிளம்புகின்றது.

இந்தோரில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஜனவரி 1-ந் தேதி முனவர் ஃபாரூக்கி என்கிற பரிகாசக்காரர் ஒரு காப்பிக்கடையில் மேடையேறினார். இந்துக் கடவுள்களையும் மத்திய உள்துறை மந்திரியையும் பழித்தார் என்று, ஒரு சட்டசபை மெம்பரின் மகன் கொடுத்த புகாரின்மேல் அன்றைக்கே பிடித்துப் போனார்கள். அவர் அப்படிப் பேசியதற்குச் சாட்சியமாகக் காட்சிப்பதிவு ஏதும் இல்லை என்று அவ்வூர்ப் போலீஸ் அதிகாரி ஒருவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. இருந்தும் ஐகோர்ட்டில் ஜாமீன் இல்லை. பிப்ரவரி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகே வெளியே வந்தார். சொன்னதற்காக உதைப்பது பழைய வழக்கம். சொல்லப் போவதாக நினைத்துக்கொண்டு ஜெயிலில் போடுவது நம் காலத்தின் நாகரிகம் போலும்! அந்த வழக்குக்கு ஆதாரமான 295-ஏ பிரிவு 1927-ல் வெள்ளைக்காரன் செய்து வைத்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான். பிரிவோ போகவில்லை, 2024-ல் வந்த புதிய சட்டத்தில் 299 என்று நம்பர் மட்டும் மாற்றிக்கொண்டு சுகமாக இருக்கின்றது.

பம்பாயில் 2025 மார்ச்சில் நடந்ததோ இன்னும் விசேஷம். குணால் கம்ரா என்பவர் ஒரு சினிமாப் பாட்டு மெட்டில் மகாராஷ்டிர உபமுதல் மந்திரியைப் பெயர் சொல்லாமல் கேலி செய்தார். கட்சிக்காரர்கள் போய், நிகழ்ச்சி நடந்த அரங்கத்தின் நாற்காலிகளை உடைத்தார்கள். மறுநாள் முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து, விதிமீறல் என்று சொல்லி அந்த இடத்திலேயே சில பகுதிகளை இடித்தார்கள். உடைத்தவர்களைப் பிடித்து அன்றைக்கே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். சிரிக்க வைத்தவரோ விழுப்புரத்தில் குடியிருக்கிறவராதலால், சென்னை ஐகோர்ட்டுக்கு வந்து முன்ஜாமீன் வாங்க வேண்டியதாயிற்று. நாற்காலியை உடைத்தவனைவிட நாக்கை அசைத்தவன் பெரிய குற்றவாளி!

தமிழ்நாடு இதில் யோக்கியமாக இருந்தது என்று யாரும் மார் தட்ட வேண்டாம். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்து 1954-ல் செய்த நாடகச் சட்டம் இங்கே ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல்தான் ஐகோர்ட்டில் அது அடிபட்டது.

இனி நம் ஜில்லாவுக்கே வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. அந்த மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போகக் கலெக்டரே நேரில் வரவேண்டியிருந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு 2025 ஜனவரி வரையில் ஆயிற்று. அதையும் அம்மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் சொல்லாத சிலேடைக்கு ஒரே நாளில் போலீஸ். மலம் கலந்த தண்ணீருக்கு இரண்டு வருஷம்! இந்த நாட்டில் எந்த மனம் புண்பட்டால் சட்டம் ஓடுகின்றது, எந்த வயிறு புண்பட்டால் சட்டம் நடக்கவும் மாட்டேன் என்கின்றது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டுமா?

கேலி என்றால் தெய்வக் குற்றம் என்று பதறுகிற வைதீக அன்பர்கள் காளிதாசனின் சாகுந்தலத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். அதில் விதூஷகனாக வந்து சோற்றையும் பட்சணத்தையும் பற்றியே பேசி அடிபடுகிறவன் ஒரு பிராமணன்! காளிதாசன்மேல் யாரும் 295-ஏ போட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் கேலியைச் சரியான திசையில் திருப்பிக் காட்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். பக்தர்கள் உருகுகிற நந்தனார் கதையை எடுத்துக்கொண்டு, அதே காலட்சேப மெட்டில் கிந்தனார் கதை செய்தார். 1949-ல் நல்லதம்பி படத்திலும் அது வந்தது. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான். சிரித்து முடித்த பிறகு, பள்ளிக்கூடம் ஏன் இவனுக்கு அடைத்திருந்தது என்று கேட்கத் தோன்றுமல்லவா? தாழ்ந்து கிடந்தவனை ஒரு வார்த்தை புண்படுத்தாமல் சிரிக்க வைக்க முடியாது என்கிறவர்களுக்கு இது பதில்.

சீட்டு வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டணத்து மேடை என்பதற்காக எல்லாம் உசத்தி என்று மயங்க வேண்டாம். பெண்டாட்டியின் உடம்பையும், கிராமத்தான் பேசுகிற இங்கிலீஷையும் வைத்துப் பிழைக்கிற கோட்டுப் போட்ட பபூன்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைதட்டிவிட்டு வருவதானால், திருச்சி வரையில் பஸ் செலவு எதற்கு? மாரியம்மன் பொட்டலே போதும். நீங்கள் போவது தப்பே இல்லை, போங்கள். ஆனால் மந்திரியைக் கேலி செய்து ஒருவன் அரங்கமில்லாமல் தவிக்கிறபோதும் சீட்டு வாங்கிப் போய் உட்காருங்கள். அவனுக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

வருகிற மாசியில் விழாக்கமிட்டி கூடிப் பபூனுக்கு அட்வான்சு கொடுக்கிறபோது, நம் தோழர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகட்டும். "இந்த வருஷம் பபூன் வழக்கமான மாமியார் கதையை விட்டுவிட்டு, யாரிடம் தலைக்கட்டு வரி வாங்குகிறோம், யாரிடம் வாங்குவதில்லை என்பதை வைத்து அரை மணி நேரம் சிரிக்க வைக்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு ஆகும் பணத்தை நாங்கள் தருகிறோம்" என்று எழுந்து சொல்லட்டும். கமிட்டியார் சொல்லுகிற பதிலை ஊர்ப் பெயரோடு நமக்கு எழுதியனுப்பவும்.