பழைய தோற்றம், புதிய வசதி

1979இல் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய வாக்மேன், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கத்தைப் பரப்பியது. அக்காலச் சாயலில் இன்று கம்பியில்லாச் செவிப்பொறிகள் விற்கப்படுகின்றன. தோற்றத்தை மட்டும் பார்த்து அவற்றை வாங்கலாமா?

இரைச்சலைக் குறைக்கும் வசதியே அவற்றின் உண்மையான பயன். ஒலிவாங்கி வெளியோசையை உணர்ந்ததும், கருவி அதற்கு நேரெதிரான ஒலியலையை எழுப்பித் தணிக்கிறது. பேருந்து இயந்திரத்தின் சீரான இரைச்சல் அடங்குவதால், புக்கிட் மேராவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் ஒலியளவைக் கூட்டாமலேயே பாடலைக் கேட்கலாம், செவிக்கும் நல்லது. ஆனால், ஜாலான் புக்கிட் மேராவைக் கடக்கும்போது அதே வசதி வாகன ஓசையையும் மறைத்துவிடக்கூடும். எனவே, வாங்குவோர் அழகோடு நின்றுவிடாமல், அவ்வசதியை உடனே நிறுத்த முடிகிறதா என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.