2015-ல் வெள்ளம், 2019-ல் வறட்சி... செம்பரம்பாக்கம் ஏரி சொல்லும் பாடம் என்ன?

2015 டிசம்பர்: செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. 2019 ஜூன்: அதே ஏரி வெடித்த தரையாகக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. நாலே வருஷத்தில் ஏன் இந்தத் தலைகீழ் மாற்றம்?

சூடான காற்று என்ன செய்யும்?

வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்றால் சுமார் 7% கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். அதனால் மழை கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். ஒரே இரவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்க நேரம் கிடைக்காது, ஓடிப்போய்விடும்.

மழை இல்லாத நாட்களில் கதையே வேற. அதே காற்று ஏரியில் இருந்தும் மண்ணில் இருந்தும் அதிக ஈரத்தை உறிஞ்சும். செம்பரம்பாக்கம் பரந்து கிடக்கும் ஏரி. முழு ஆழமே 24 அடிதான். இப்படிப்பட்ட ஏரியில் ஆவியாதல் இழப்பு அதிகம்.

அப்போ 2015 வெள்ளத்துக்கும் இதுதான் காரணமா?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்கு, புவி வெப்பமாதலின் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் வலுவான எல் நினோ இருந்தது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பியிருந்தன. 2019 தட்டுப்பாட்டுக்கு முக்கியக் காரணம், 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஆனால், பூமி சூடாக ஆக இந்த இரண்டு எல்லைகளும் இன்னும் தீவிரமாகும் என்பதே எச்சரிக்கை.

சிக்கல் எங்கே?

ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015-ல் திறந்த வேகத்தில் திறந்தால், நிரம்பிய ஏரியே ஒன்றரை நாளில் காலியாகிவிடும். நவம்பரில் ஏரியை முழுசா நிரப்பி வைத்தால், ஒரு பெருமழைக்கே மதகுகளைத் திறக்க வேண்டி வரும். இடம் விட்டு வைத்தால், அதன்பிறகு மழை பெய்யாவிட்டால் கோடையில் குடிநீருக்குத் திண்டாட்டம்.

‘சராசரி மழை’ கணக்கு இனி போதாது. மழை முன்னறிவிப்பைப் பார்த்து முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் திறப்பது ஒரு வழி. மேலே உள்ள சிறு ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் தூர்வாரிக் காப்பது இன்னொரு வழி. வெள்ளத்தை அங்கேயே தேக்கினால், அது கோடைக்கான சேமிப்பாகவும் ஆகும்.