இரண்டு மேன்ஹோல்கள்

திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் டிசைன் இன்ஜினியர். ரசாயன ஆலைகளுக்கான அழுத்தக் கலன்களை வரைவது என் வேலை. பெரிய கலன் என்றால் ஆள் உள்ளே போய்ப் பார்க்க ஒரு மேன்ஹோல் வைப்போம்; பெரும்பாலும் 24 அங்குலம். துரு தின்றுவிடும் என்று தகட்டில் 3 மி.மீ. கூடுதலாகச் சேர்ப்போம். டிசைன் அழுத்தத்தைப் போல 1.3 மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றிச் சோதிப்போம். இரும்புக்கு இவ்வளவு மரியாதை.

அந்தப் புத்தம்புதுக் கலனுக்குள் வெல்டர் இறங்கணும்னாலும் சும்மா இறங்க முடியாது. மீட்டர் விட்டுப் பார்க்கணும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. எழுத்தில் பெர்மிட் வேணும். வெளியே ஒருத்தர் காவல் நிற்கணும். வெல்டிங்குக்கு விடுகிற ஆர்கான் காற்றைவிடக் கனம். அடியில் தங்கி, வாசனையே காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும். இந்த ஏற்பாடு எந்த முதலாளியின் கருணையும் அல்ல. வாயு தங்குகிற தொட்டி, குழி, குழாய்க்குள் சோதிக்காமல் ஆளை இறக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவே எழுதி வைத்தது.

தெருவிலும் ஒரு மேன்ஹோல் இருக்கிறது. வாய் ஏறத்தாழ அதே அகலம். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. அதுவும் காற்றைவிடக் கனம். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அங்கே மீட்டர் எங்கே? பெர்மிட் எங்கே? கயிறும் வாளியும்தான். ஒருவர் மயங்க, தூக்கப் போனவரும் சாகிறார். 'விஷவாயு தாக்கிப் பலி' என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான். வாயுவுக்குச் சாதி தெரியாது தோழர்களே. மீட்டரை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று முடிவு செய்கிறவனுக்குத் தெரியும்.

ஒருநாள் மீட்டிங்கில் கேட்டேன். "சார், ஆள் இறங்காம சாக்கடை அள்ளுற மெஷின் நாம பண்ணலாமே?"

"ஆள் சல்லிசாக் கிடைக்கிறப்ப எவன்ப்பா மெஷின் வாங்குவான்?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நமக்கு இல்லாமல் இருப்பது தொழில்நுட்பம் அல்ல. கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த பாண்டிகூட் ரோபோ 2018இலேயே திருவனந்தபுரத்தில் இறங்கியது. வாங்க மனசில்லை, அவ்வளவுதான். சேரியிலிருந்து வருகிற உடம்புக்கு டெண்டரில் விலை கிடையாது. அதோடு போட்டி போட்டு எந்த மெஷின் ஜெயிக்கும்?

சட்டத்தைச் சொல்வார்கள். 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டமோ பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதைத்தான் 'அபாயகரமான' துப்புரவு என்கிறது. கொடுத்தால் இறக்கலாமாம்! செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறியது. இறக்குவது நின்றதா?

'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களைக் கேட்கிறேன்: மைக்ரான் கணக்கில் அளக்கிற உங்கள் திறமை, மலக்குழி வாசலில் ஏன் வாளியைத் தூக்கிக் கொடுக்கிறது?

பொறியியல் படிக்கிற தம்பி தங்கைகளே, மலக்குழிக்கும் ஒரு பெர்மிட் கொடு என்று நான் கேட்கவில்லை. எந்தக் கருவியோடும் மனிதர் அதற்குள் இறங்கவே கூடாது. உங்கள் ஊர் நகராட்சியின் பாதாளச் சாக்கடை டெண்டரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அடைப்பை எடுக்கப்போவது மெஷினா, ஆளா என்று பாருங்கள். ஆள் என்றிருந்தால் அந்த ஆபீஸ் வாசலில் போய் உட்காருங்கள். வரைபடம் வாசிக்கத் தெரிந்த நாம்தான் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.