டூயல் மோட்டார் எப்போ வரும்? காத்திருந்தா லாபமா, நஷ்டமா?

சென்னை: எலக்ட்ரிக் கார் வாங்கப் பணத்தை ரெடி பண்ணி வைத்துவிட்டு, ஷோரூம் வாசலில் நின்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இருக்கற மாடலை எடுத்துடலாமா, இல்லை ஆல் வீல் டிரைவ் வர்ற வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?"

இந்தக் கேள்வி அதிகம் சுற்றுவது மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களைச் சுற்றித்தான். இரண்டும் ஒரு வகையில் நம்ம ஊர் கார்கள். தயாராவது என்னவோ புனே பக்கம் சக்கன் தொழிற்சாலையில். ஆனால் இவற்றை உருவாக்கியதில் பெரும் பங்கு செங்கல்பட்டு பக்கம் உள்ள மஹிந்திரா ரிசர்ச் வேலி என்ஜினியர்களுக்கு உண்டு. 2024 நவம்பர் 26ம் தேதி அறிமுக விழா நடந்ததும் சென்னையில்தான்.

செய்யாறு சோதனைத் தளத்துக்குப் போகும் வழியில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த கார் ஒன்று தென்பட்டால் போதும். உடனே போட்டோ எடுத்து, "இதுதான் டூயல் மோட்டார்" என்று கிளப்பி விடுகிறார்கள். அதை நம்பி புக்கிங்கைத் தள்ளிப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்து விடுவோம்.

ஆசை காட்டியது யார்?

எதிர்பார்ப்பு சும்மா வந்ததில்லை. விதை போட்டது கம்பெனியேதான்.

2022 ஆகஸ்ட் 15ம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷையரில் மஹிந்திரா தனது 'இங்லோ' பிளாட்பாரத்தைக் காட்டியது. ஒரு மோட்டார், பின் சக்கர டிரைவ் என்றால் 170 முதல் 210 கிலோவாட் சக்தி. இரண்டு மோட்டார், ஆல் வீல் டிரைவ் என்றால் 250 முதல் 290 கிலோவாட். 100 கிலோமீட்டர் வேகத்தை 5 முதல் 6 விநாடியில் தொடலாம். இப்படித்தான் அன்று சொன்னார்கள். எக்ஸ்யுவி.இ8 என்ற மாடலை ஆல் வீல் டிரைவ் கார் என்றே அறிமுகப்படுத்தினார்கள்.

2024ல் பிஇ 6, எக்ஸ்இவி 9இ வந்தன. இரண்டுமே பின் சக்கர டிரைவ். 59 யூனிட் பேட்டரிக்கு 170 கிலோவாட், 79 யூனிட் பேட்டரிக்கு 210 கிலோவாட். அதாவது 2022ல் சொன்னதில் பாதிதான் கடைக்கு வந்தது.

சரி, அடுத்ததில் வரும் என்று காத்திருந்தார்கள். அந்த எக்ஸ்யுவி.இ8 தான் பெயர் மாறி, எக்ஸ்இவி 9எஸ் என்ற 7 சீட் காராக 2025 நவம்பரில் வந்தது. அதிலும் ஒரே மோட்டார், பின் சக்கர டிரைவ். ஆல் வீல் டிரைவ் என்று சொல்லிக் காட்டிய காரே அது இல்லாமல்தான் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பிளாட்பாரத்தில் இடம் இருக்கு என்பது வேறு. கார் கடைக்கு வருது என்பது வேறு. இதைக் குழப்பிக் கொள்வதில்தான் பாதி பேர் ஏமாறுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் பாடம்

இது மஹிந்திராவோடு நிற்கும் கதை இல்லை. ஹூண்டாயின் அயோனிக் 5 காரை எடுத்துக் கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பாகங்களைக் கொண்டு வந்து கோர்ப்பது நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஆலையில். வெளிநாடுகளில் 2021லேயே இரண்டு மோட்டார் மாடல் விற்றார்கள். 'என்' என்ற பெயரில் 600 குதிரைசக்திக்கு மேல் தரும் ராட்சச மாடலும் அங்கே உண்டு. 45 லட்ச ரூபாய் அளவில் இங்கே கொடுத்ததோ ஒற்றை மோட்டார், பின் சக்கர டிரைவ் மட்டும்தான்.

மாருதியின் இ விட்டாராவும் அப்படியே. குஜராத்தில் தயாராகி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும் காரில் ஆல் வீல் டிரைவ் உண்டு. 2025 டிசம்பரில் இந்தியாவுக்கு என்று காட்டிய காரில் முன் சக்கர டிரைவ் மட்டுமே.

காரணம் புரியாத புதிர் இல்லை. அங்கே பனி விழும் ரோடு, அதனால் டிமாண்ட் உண்டு. இங்கே 20 லட்சம் கொடுப்பவர் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதான். கம்பெனியும் பணத்தை பேட்டரியில் போடுகிறது, இரண்டாவது மோட்டாரில் போடுவதில்லை.

வந்த இடத்தில் விலை என்ன?

இந்த நிலையில், இரண்டு கம்பெனிகள் துணிந்து இறங்கின. அதில் ஒன்று நம்ம தூத்துக்குடியில் கார் செய்கிறது.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட், 2025 ஆகஸ்ட் 4ம் தேதி திறந்த தூத்துக்குடி ஆலையில் விஎஃப் 7 காரைத் தயாரிக்கிறது. 2025 செப்டம்பரில் விலையை அறிவித்தார்கள். முன் சக்கர டிரைவ் 'விண்ட்' 23.49 லட்சம். ஆல் வீல் டிரைவ் 'ஸ்கை' 24.99 லட்சம். வித்தியாசம் சரியாக 1.5 லட்சம். பேட்டரி இரண்டுக்கும் ஒன்றுதான். 100ஐ தொட 9.5 விநாடி எடுத்தது 5.8 விநாடியாகக் குறைகிறது. ரேஞ்ச் 532 கிலோமீட்டரில் இருந்து 510 ஆக இறங்குகிறது.

டாடாவின் ஹாரியர் இவி 2025 ஜூனில் வந்தது. பின் சக்கர டிரைவ் டாப் மாடல் 27.49 லட்சம். நாலு சக்கரமும் சுற்றும் மாடல் 28.99 லட்சம். இங்கேயும் அதே 1.5 லட்சம்தான் வித்தியாசம்! வாகமண் யானைப்பாறையில் இந்தக் கார் ஏறிய வீடியோவைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் ஏராளம்.

வீடியோவில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. முன்னால் மோட்டார் உட்கார்ந்ததும், பானெட்டுக்கு அடியில் சாமான் வைக்கும் இடம் 67 லிட்டரில் இருந்து 35 லிட்டராகச் சுருங்கி விட்டது.

இனிமேல்தான் விஷயமே. 504 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் இரட்டை மோட்டார் ஹாரியர் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எடுப்பது 6.3 விநாடி. ஒற்றை மோட்டார் பிஇ 6 எடுப்பது 6.7 விநாடி. இரண்டுமே கம்பெனிக் கணக்கு. கண் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம்.

சென்னை மாநகரில் கார்களுக்கு வேக வரம்பு 60 கிலோமீட்டர். 2023 நவம்பரில் இருந்து அமலில் இருக்கிறது. அந்த 0.4 விநாடியை எந்த ரோட்டில் அனுபவிக்கப் போகிறீர்கள்? ஓஎம்ஆர் சிக்னலிலா?

1.5 லட்சத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். 75 யூனிட் பேட்டரியை ஃபுல் பண்ண 600 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு 250 தடவை ஃபுல் சார்ஜ் போடலாம். ஒரு சார்ஜுக்கு 400 கிலோமீட்டர் என்றால், மொத்தம் 1 லட்சம் கிலோமீட்டர். பல குடும்பங்களுக்கு ஏழெட்டு வருஷ ஓட்டம்!

வெள்ளத்தில் காப்பாற்றுமா?

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத்து ஆட்கள் ஆல் வீல் டிரைவ் கேட்பதற்குக் காரணம் வேகம் இல்லை. மழை.

2023 டிசம்பர் 4ம் தேதி மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் பொம்மை மாதிரி அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டு போய் வரிசையாக நிறுத்தி விட்டார்கள். சூடு கண்ட பூனை கதைதான்.

அந்த பயத்தில், "நாலு சக்கரமும் இழுத்தா தண்ணியில தாண்டிடலாம்" என்று நினைக்கிறார்கள். இது தப்புக் கணக்கு. ஆபத்தான கணக்கும் கூட.

ஆல் வீல் டிரைவ் தருவது பிடிமானம். பிடிப்பதற்கு டயருக்கு அடியில் தரை வேண்டும். ஓர் அடி தண்ணீரே பல கார்களை மிதக்க வைத்து விடும். இரண்டு அடி தண்ணீர் வேகமாக ஓடினால் எஸ்யுவியையும் இழுத்துப் போய் விடும். கார் மிதக்க ஆரம்பித்த பிறகு இரண்டு சக்கரம் சுற்றினால் என்ன, நாலு சுற்றினால் என்ன?

மழையில் பிரேக் பிடிப்பதும் அப்படித்தான். எல்லா காருக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வழுக்கும் ரோட்டில் ஆல் வீல் டிரைவ் கார் சீக்கிரம் கிளம்பும். ஆனால் நிற்பதற்கு அதே தூரம்தான். சீக்கிரம் கிளம்பும் தைரியத்தில் வேகம் கூட்டி, நிறுத்த முடியாமல் முட்டுபவர்கள்தான் பாவம்.

வெள்ளப் பகுதியில் இருப்பவர் அந்த 1.5 லட்சத்தில் கொஞ்சத்தை எடுத்து, பேட்டரி, மோட்டாருக்குத் தண்ணீர் சேதத்தைச் சேர்த்துக் கவர் பண்ணும் இன்சூரன்ஸில் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். மேம்பாலத்தில் இடம் பிடிப்பது அதைவிட சீப்!

அப்ப யாருக்குத்தான் தேவை?

ஆல் வீல் டிரைவே வேஸ்ட் என்று சொல்லவில்லை. வால்பாறை, கோத்தகிரி பக்கம் எஸ்டேட் மண் ரோட்டில் தினமும் போய் வருபவருக்கு, மழைக்காலத்தில் சேற்றில் ஏறுபவருக்கு இரண்டாவது மோட்டார் கைகொடுக்கும். பின் சக்கரம் வழுக்கினால் முன் சக்கரம் இழுத்துக் கொள்ளும். மலை இறங்கும்போது இரண்டு மோட்டாருமே வேகத்தைக் கட்டுப்படுத்தி, கரண்ட்டை பேட்டரிக்குத் திருப்பி அனுப்ப முடியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கொல்லிமலை போகிறவருக்கு? 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான் சார். ஒற்றை மோட்டாரே ஜம்மென்று ஏறும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார் வேகம் எடுக்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. பின் சக்கர டிரைவ் காரில் அந்த எடையே பின் டயரை அழுத்திப் பிடிமானம் கொடுத்து விடும். முன் சக்கர டிரைவ் காரில் அதே நேரத்தில் முன் டயர் லேசாகி வழுக்கும். எனவே விஎஃப் 7 போன்ற காரில் இரண்டாவது மோட்டாரின் பலன் பளிச்சென்று தெரியும். ஏற்கனவே பின் சக்கர டிரைவாக இருக்கும் மஹிந்திரா கார்களில் அந்த அளவு தெரிய வாய்ப்புக் குறைவு.

என்ன செய்யலாம்?

வேகம்தான் ஆசை, காசுக்குக் கவலை இல்லை என்பவர்கள் காத்திருக்கவே தேவை இல்லை. ஹாரியரும் விஎஃப் 7ம் இருக்கின்றன. 50 லட்சத்தைத் தாண்ட முடிந்தால், 2025ல் வந்த பிஒய்டி சீலயன் 7 காரின் ஆல் வீல் டிரைவ் மாடல் 4.5 விநாடியில் பறக்கும்.

மஹிந்திராதான் வேண்டும் என்பவர்கள் வாங்கிய காரில் பின்னால் மோட்டார் சேர்த்துக் கொள்ளலாம் என்று கனவு காண வேண்டாம். அது வெளியில் செய்யக்கூடிய வேலையே இல்லை. சேற்றிலும் எஸ்டேட் ரோட்டிலும் தினசரி ஓட்டம் இருந்தால் மட்டும் காத்திருங்கள். மற்றவர்கள் மழை நாளில் ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். ஒற்றை மோட்டாரே போதும் என்று தோன்றினால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

கம்பெனி தேதியும் விலையும் சொன்னால் அது கார். அதுவரைக்கும் அது வெறும் பேச்சு. பேச்சை நம்பி பெட்ரோல் பங்க்கில் காசைக் கொட்டிக் கொண்டிருப்பது யார் பாக்கெட்டுக்கு நஷ்டம் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.