பொதுத்தோட்டமும் நில உரிமையும்

ஓர் ஊரின் பொதுத்தோட்டத்தை நாம் பெரும்பாலும் விளைச்சலைக் கொண்டே எடைபோடுகிறோம். எத்தனை கிலோ தக்காளி, எத்தனை கட்டுக் கீரை என்று கணக்கிட்டால் அது சந்தையோடு போட்டியிட இயலாது. அதன் பயன் எங்கே இருக்கிறது என்பதை நியூயார்க் நகரின் அனுபவம் காட்டுகிறது.

1970களில் அந்நகரம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போக, மனைகள் குப்பைமேடுகளாயின. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் அவர்தம் நண்பர்களும் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் அத்தகைய மனையொன்றைத் துப்புரவாக்கிப் பயிரிட்டனர். மறு ஆண்டு மாநகராட்சி அதனை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அளித்தது. பிற பகுதிகளிலும் தோட்டங்கள் பெருகின. போர்ட்டோரிக்கோவிலிருந்து குடியேறியோர் தம் தோட்டங்களில் 'கசீட்டா' என்னும் சிறு மரவீடுகளைக் கட்டினர். பிறந்த மண்ணின் திண்ணை அவர்களுக்கு அங்கே மீண்டும் வாய்த்தது.

தோட்டம் தெருவை வாழத்தக்கதாக்கியது. தெரு வாழத்தக்கதாகவே மனையின் விலை ஏறியது. தோட்டங்களால் சுற்றுப்புறச் சொத்துமதிப்பு உயர்கிறது, ஏழ்மை மிக்க பகுதிகளில் அது இன்னும் மிகுதி என்று 2008இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினர். யார் உழைப்பால் விலை ஏறியதோ அவர்களையே அவ்விலை வெளியேற்ற வந்தது. 1999இல் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம்விட முனைந்தது. நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் மற்றோர் அறக்கட்டளையும் சுமார் 42 இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை மீட்டன. 2002இல் ஏற்பட்ட உடன்பாடு மேலும் பல நூறு தோட்டங்களைக் காத்தது. சில மனைகள் வீடுகட்ட ஒதுக்கப்பட்டன.

ஏழைகளுக்கு வீடு வேண்டாமா என்னும் வினா நியாயமானதே. ஆனால், மிகுதியாக விலை கேட்பவருக்கு நிலத்தை விற்பது அதற்கு விடையாகாது. எந்த மனை வீட்டுக்கு, எது தோட்டத்துக்கு என்பதை அங்கு வாழ்வோரைக் கேட்டுத் தீர்மானிப்பதே முறை.

ஆகவே, தோட்டமிடுவோருக்கு விதையும் வேலியும் தந்தால் மட்டும் போதாது. நிலத்தின்மீது எழுத்துமூலமான நீண்டகால உரிமையையும் நகரம் தரவேண்டும் என்பதே நம் கருத்து. கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். பழமரத்துக்குப் பல ஆண்டுகள் வேண்டும். அண்டை அயலாரிடையே வளரும் நம்பிக்கைக்கும் அத்தனை ஆண்டுகள் வேண்டும். நாளையே காலி செய்யச் சொல்லப்படும் நிலத்தில் எவரும் மரம் நடமாட்டார்.