கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார்?

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை உயரதிகாரி அவர்களுக்கு,

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்கும் ஒரு பெண்ணுக்காக அனுப்பிய மூன்று மனுக்களுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல். பெயரை எழுதவில்லை, தெருவுக்குத் தெரிந்தால் அவர் குடியிருக்கும் வாடகை வீடு போய்விடும்.

பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர். ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) ஏறத் தொடங்கிய நேரத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். அங்கே மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் விட்டுப்போனது. திரும்பி வந்ததும் மருந்து எதிர்ப்பு உண்டா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ‘எதிர்ப்பு இல்லை’ என்றது அறிக்கை. பழைய மாத்திரையையே கொடுத்து, ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லித் திட்டி அனுப்பினார்கள். ஆறு மாதம் ஒரு வேளையும் தவறவில்லை. வைரஸ் இறங்கவில்லை.

அறிக்கை பொய் சொல்லவில்லை. படித்தவர்கள் பாதியைத்தான் படித்தார்கள்.

மருந்து உடம்பில் இருக்கும்வரைதான் எதிர்ப்பு பெற்ற வைரஸின் கை ஓங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே, எதிர்ப்பில்லாத பழைய வைரஸ் பெருகி அதை மூடிவிடும். மூடப்பட்டது செத்துப்போவதில்லை, செல்களுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. ரத்தத்திலுள்ள வைரஸில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டால் வழக்கமான சோதனையின் கண்ணில் அது பெரும்பாலும் படாது. மருந்து திரும்பியதும் தலை தூக்கும்.

சோதனையில் எதிர்ப்பு வெளிப்பட்டாலும் கணக்கு எளிதல்ல. வைரஸின் மரபணுவில் எம்184வி என்ற ஒரு மாற்றம், லாமிவுடின் என்ற மருந்தைப் பெருமளவு செயலிழக்கச் செய்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மருந்து எதிர்ப்புத் தரவுத்தளம் அதற்கு 60 மதிப்பெண் போடுகிறது, அதாவது உயர்நிலை எதிர்ப்பு. அதே மாற்றம் வைரஸை நலிவாக்கி, டெனோஃபோவிர் என்ற வேறொரு மருந்துக்கு எளிதாக மடியவும் வைக்கிறது. அதனால்தான் தோற்ற லாமிவுடினையும் நிபுணர்கள் சில சமயம் விட்டுவைக்கிறார்கள். நோயாளி சாப்பிட்ட மருந்துகளின் வரலாறு பக்கத்தில் இல்லாமல் இதையெல்லாம் யார் படித்துவிட முடியும்?

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் காட்டிய ரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோனார். அதே தமிழ்நாட்டில் இன்று, ‘கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார்?’ என்று படிவத்தில் ஒரு வரி எழுத ஆளில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். அவருடைய பழைய ஏ.ஆர்.டி. மருந்துப் பதிவுப் புத்தகங்களை மேசையில் பரப்பி, அந்த அறிக்கையை நிபுணர் குழு மறுபடி படிக்கட்டும். திட்டியவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். மண்டி விடிகாலையிலேயே தொடங்கிவிடும். அவருக்கு மதியத்துக்கு மேல்தான் வர முடியும்.